கம்ப்யூட்டர் பார்க்கிற ராஜபாய்

கடைக்கு வருகிறவர்கள் பத்மகுமாரிடம்தான் பேசுவார்கள். ராஜபாய் பூப்போட்ட திரைச்சீலைக்குப் பின்னால் இருப்பாள். அஞ்சுகிராமம் கடைத்தெருவில், உரக்கடைக்கும் தையல் கடைக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடந்த அந்தக் கம்ப்யூட்டர் கடைக்குள் அப்படி ஒருத்தி இருப்பதே பல பேருக்குத் தெரியாது. கோளாறான பெட்டி திரைக்குப் பின்னால் போகும். சரியாகித் திரும்பி வரும். "யாருப்பா பாத்தது?" என்று யாராவது கேட்டால், "உள்ள ஆளு இருக்கு" என்பான் பத்மகுமார். அவளுக்கு அதுதான் பிடித்திருந்தது.

ராஜபாய் மயிலாடிக்காரி. வீட்டைச் சுற்றிலும் சிற்பக்கூடங்கள். விடிந்தால் உளிச்சத்தம். அங்கே பேசுகிறவர்கள் எல்லாரும் உரக்கத்தான் பேசுவார்கள். குரலை உயர்த்த வராத ராஜபாய் பேசாமலே இருந்து பழகிவிட்டாள். ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது அம்மா இடுப்பு வலியில் படுத்துவிட்டாள். "நீ வீட்டுல நில்லு பிள்ளே" என்றார் அப்பா. நின்றாள். படிக்க ஆசை என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் விட்டிருப்பாரோ என்று பிறகு வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தாள். தேடி வந்த டீச்சர், "ஏம்மா வரல?" என்று கேட்டபோதும் கதவைப் பிடித்துக்கொண்டு தன் கால்விரலையே பார்த்தபடி நின்றாள். டீச்சர் போய்விட்டார்.

2004இல் பத்மகுமார் கடை திறந்தபோது கூட்டித் துடைக்கவும் டீ வாங்கிக் கொடுக்கவும் வந்தவள் அவள். அவனைவிட வயதில் மூத்தவள் என்பதால் அவன் "அக்கா" என்பான். அவள் "தம்பி" என்பாள். அதற்கு மேல் பேச்சு குறைவு. ஆனால் கண் சும்மா இருக்காது. துடைத்துக்கொண்டே அவன் கையைப் பார்ப்பாள். எந்த ஒயரை முதலில் பிடுங்குகிறான், எதைத் தொட்டுப் பார்க்கிறான், பெட்டியை முடுக்கியதும் ஏன் தலையைச் சாய்த்துக் காது கொடுக்கிறான் என்று ஒவ்வொன்றாக மனசில் ஏறியது. ஒரு கீச்சு வந்தால் நல்லது, நீளமாக இழுத்தால் மெமரியில் கோளாறு, ஒன்றுமே வராவிட்டால் கரண்டில் இருந்து தொடங்க வேண்டும். ஒருநாள் அவன் சாப்பிடப் போன நேரத்தில், காலையில் இருந்து உயிர் வராமல் கிடந்த ஒரு பெட்டியில் நழுவியிருந்த ஒயரை அவள் அழுத்திவிட்டு முடுக்கினாள். அது எழுந்துகொண்டது. ஏச்சு விழும் என்று பயந்து ஒதுங்கி நின்றாள். பத்மகுமார் வந்து பார்த்துவிட்டு, "சரி, இனி டீ நான் வாங்கியாறேன்க்கா" என்றான்.

கடற்கரை ஊர்களில் இருந்து வருகிற பெட்டிகள் அவளுக்கு அத்துப்படியாயின. உப்புக் காற்று உள்ளே புகுந்து மெமரித் துண்டின் பொன்னிறப் பற்களைக் கறுக்க வைத்துவிடும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்திருக்கிற வெள்ளை ரப்பரால் அதைப் பைய அழித்து மறுபடி செருகினால் பெட்டி எழுந்துகொள்ளும். ரப்பர் எப்போதும் அவள் கையில் இருக்கும்.

ஒன்றுதான் அவளுக்கு வராது. கேள்வி கேட்பது.

"பாதி நோய வாயால கேட்டே கண்டுபிடிச்சிரலாம்க்கா" என்பான் பத்மகுமார். "எப்ப நின்னுச்சு, அதுக்கு முந்தி என்ன செஞ்சிய, இடி வெட்டுச்சா, வீட்டுக்கு வெள்ள அடிச்சியளான்னு கேக்கணும். பெட்டி வாய் தொறக்காது. கொண்டு வாறவன் தொறப்பான்." அந்தக் கேள்விகளை அவளுக்காக அவனே கேட்டான். பதில்கள் திரைச்சீலையைத் தாண்டி வந்தன. ஏழெட்டு வருஷம் அப்படியே ஓடிவிட்டது.

அந்த வருஷம் கன்னியாகுமரிக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றில் மாதா கோயில் திருவிழாவுக்குக் கொடியேறியிருந்தது. அந்த ஊர்க்காரி லிஜா தன் அண்ணியின் பெட்டியை ஆட்டோவில் வைத்துக் கொண்டு வந்தாள். கன்னியாகுமரியில் ஒரு லாட்ஜில் வரவேற்பில் இருப்பவள். பேச்சு அருவி மாதிரி.

"அண்ணே, எங்க மைனிக்க கம்ப்யூட்டர். ஆன் ஆவுது, அந்த விண்டோசு படம் வருது, டப்புன்னு போவுது. திரும்ப ஆன் ஆவுது, திரும்பப் போவுது. பேய் பிடிச்சது போல."

ராஜபாய் திறந்து பார்த்தாள். பற்கள் கறுத்திருந்தன. ரப்பரால் அழித்துச் செருகினாள். நன்றாக ஓடியது. லிஜா சந்தோஷமாகக் கொண்டு போனாள். மறுநாளே திரும்பக் கொண்டு வந்தாள். போன அன்று சாயங்காலமே பழைய கதைதான். இந்தத் தடவை பத்மகுமார் எல்லாவற்றையும் வேறோர் இடத்தில் எடுத்து வைத்துக்கொண்டு விண்டோசைப் புதிதாகப் போட்டு, எல்லாவற்றையும் பழையபடி வைத்தான். பகல் முழுக்கக் கடையில் ஓடவிட்டார்கள். ஒரு தடவைகூட நிற்கவில்லை. லிஜா மறுபடி கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு பத்மகுமார் தங்கை கல்யாணத்துக்காகச் சுசீந்திரம் போய்விட்டான். "ஆரும் வந்தா பெட்டிய வாங்கி வையுங்க, போதும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். சனிக்கிழமை மத்தியானம் கடையில் போன் அடித்தது. ராஜபாய் எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. தையல்காரர் எட்டிப் பார்த்து, "எடுக்கக் கூடாதா பிள்ளே? துணியளவு எடுக்கவே முடியல" என்றார். எடுத்தாள்.

"கம்ப்யூட்டர் கடையா?"

"ம்."

"பத்மகுமார் அண்ணன் இல்லியா?"

"இல்ல."

"எப்ப வருவாரு?"

"கல்யாணம்."

"ஆருக்கு? அவருக்கா?"

"தங்கச்சிக்கு."

"அப்ப நீங்க ஆரு?"

ராஜபாய் யோசித்தாள். "உள்ள இருக்க ஆளு" என்றாள்.

லிஜாவுக்கு அது போதுமாக இருந்தது. கொட்டித் தீர்த்துவிட்டாள். "ரெண்டு தடவ தூக்கிட்டு வந்தாச்சு. அங்க ஓடுது, இங்க ஓடல. எங்க வீட்டு வாசப்படி அதுக்கு ஆவலியா? எங்க மைனிக்கும் அண்ணனுக்கும் காதும் கேக்காது, வாயும் பேசாது, தெரியுமா? போன வச்சு அவிய என்ன செய்ய? அண்ணன் ஷார்ஜால இருக்கான். சாயங்காலம் ஏழரைக்கு கம்ப்யூட்டர்ல மொகத்தப் பாத்து கையாலதான் பேசுவாவ. திருவிழாவுக்கு வருவேன்னு சொன்னவன் லீவு இல்லன்னுட்டான். கொடியேத்தத்து அன்னைக்கு ரெண்டுபேருக்கும் சண்ட. சண்டைக்க நடுவுல இது அணஞ்சு போச்சு. மைனி அணைக்கல. ஆனா அவன் என்ன நினைக்கான்? மைனி வேணும்னே அணைச்சுட்டு எந்திச்சுப் போயிட்டாள்னு நினைக்கான். கம்ப்யூட்டர் ரிப்பேருன்னு நான் மெசேஜ் விட்டேன். 'எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள்'னு பதில் விடுகான். நாளைக்கு அவனப் பாலைவனத்துப் பக்கம் ஏதோ கேம்புக்குக் கொண்டுபோறாவ. அங்க நெட்டும் கிடையாது ஒண்ணும் கிடையாது, எத்தன மாசமோ. இன்னைக்கு விட்டா கோவத்தோடயே போவான். அக்கா, கேக்குதா?"

"ம்" என்றாள் ராஜபாய்.

"மைனி நேத்துல இருந்து சோறே தின்னல அக்கா."

ராஜபாய் போனை வைத்தாள். தன் ரப்பர் முதலில் பொய் சொன்னதுதான் அவளை உறுத்தியது. சரியாகிவிட்டது என்று நம்பி அனுப்பியவள் அவள்தானே. ஸ்க்ரூட்ரைவரும் இரண்டு ஒயரும் ரப்பரும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டாள். கடையைப் பூட்டி, சாவியைத் தையல்காரரிடம் கொடுத்தாள். யார் வீட்டுக்கும் போய் அவள் பெட்டி பார்த்ததில்லை. பஸ்ஸில் போகும்போது வீட்டில் என்ன கேட்பார்கள், தான் என்ன சொல்வது என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள்.

ஊருக்குள் நுழையும்போதே பாட்டுச் சத்தம் காதை அடைத்தது. தெருவுக்குத் தெரு குழாய் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். வளைவு வளைவாகச் சீரியல் விளக்குகள், பகல் வெளிச்சத்தில் இன்னும் எரியாமல் தொங்கின. லிஜா வாசலிலேயே நின்றிருந்தாள். கோயிலுக்கு மூன்றாவது வீடு.

உள்ளே லிஜாவின் அம்மா நேசம்மாள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உள்ளி உரித்துக்கொண்டிருந்தாள். "வா மக்கா, இரி. கட்டஞ்சாயா குடிக்கியா? இந்தச் சவத்த என்ன செய்யன்னு பாரு. மருமவ மொகத்தப் பாக்க முடியல."

மருமகள் சகாயசெல்வி அடுக்களையில் இருந்து வந்தாள். சிவந்த கண். பகலில் சிப்பி மாலை கோர்க்கிற இடத்தில் வேலை. விரல் நுனிகளில் ஊசிக் குத்துகள். ராஜபாயைப் பார்த்ததும் கையை நீட்டி மேசையைக் காட்டினாள். பிறகு இரண்டு கையாலும் நடந்ததைச் சொன்னாள். ஒரு விரல் பொத்தானை அழுத்தியது. இரண்டு கையும் மெல்ல விரிந்தன. அதுதான் அந்தப் படம் வருவது. சட்டென்று கை இரண்டும் முகத்துக்கு முன்னால் மூடிக்கொண்டன. திரும்ப அழுத்தல், விரிதல், மூடல். கடைசியில் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

லிஜா மொழிபெயர்க்க வாயைத் திறந்தாள். ராஜபாய் தலையை அசைத்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்திருந்தது. புதிய ஆள் ஒருவர் பேசி, இத்தனை எளிதாக இருந்தது அவளுக்கு இதுதான் முதல் தடவை.

பெட்டியைத் திறந்து பார்த்தாள். அவள் செருகிய மெமரி செருகினபடி இருந்தது. ஒயர்களைத் தொட்டுப் பார்த்தாள். மூடி, முடுக்கினாள். ஒரு கீச்சு. படம் வந்தது. நீலக்கோடு ஓடியது. முகப்புத் திரை வந்து நின்றது. மாலையும் மோதிரமும் போட்ட சகாயசெல்வியின் கல்யாணப் படம் அது. அணையவில்லை. அணைத்து மறுபடி போட்டாள். மறுபடியும் ஒழுங்காக வந்தது.

"எம்மா, சரியாயிட்டு!" என்று லிஜா குதித்தாள். "அக்கா கை பட்டதும் எந்திச்சுப்போச்சு. கொள்ளாம். அக்கா, நீங்க அஞ்சரை பஸ்ஸுக்குப் போவியளா? நான் கொண்டு விடுகேன்."

ராஜபாய் எழுந்திருக்கவில்லை. கடையிலும் இப்படித்தான் ஓடியது. "இருக்கேன்" என்று மட்டும் சொன்னாள். நேசம்மாள் கட்டஞ்சாயா கொண்டு வந்து வைத்தாள். சகாயசெல்வி முகம் கழுவி, பவுடர் போட்டு, கணவனுக்குப் பிடித்த பச்சைச் சேலை கட்டிக்கொண்டு வந்து திரைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டாள். ஏழரைக்கு இன்னும் நேரம் கிடந்தது.

பொழுது மங்கியது. தெருவில் யாரோ கூவினார்கள். ஒரே நொடியில் வளைவுகள் எல்லாம் பற்றிக்கொண்டன. சிவப்பும் பச்சையுமாக வெளிச்சம் வாசல் வழியே உள்ளே வந்து சுவரில் ஓடியது. லிஜா வெளியே பார்த்தாள், நேசம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள். ராஜபாய் மேலே பார்த்தாள். வீட்டு டியூப்லைட் சோர்ந்து, இரண்டு ஓரமும் கறுத்து நடுங்கியது. மின்விசிறி வேகம் இழந்தது. டப்பென்று கம்ப்யூட்டர் அணைந்தது. தானே எழுந்தது. படம் வந்தது. அணைந்தது.

சகாயசெல்வி கண்ணை மூடிக்கொண்டாள்.

கரண்டு குறைகிறது என்பது ராஜபாய்க்குப் புரிந்துவிட்டது. ஊர் விளக்கெல்லாம் ஒரே இழுப்பாக இழுத்தால் கோயிலுக்குப் பக்கத்து வீட்டில் என்ன மிஞ்சும்? ஆனால் அதைத் தாங்கத்தானே கம்ப்யூட்டர் வைத்திருக்கிற வீடுகளில் யூ.பி.எஸ். என்று ஒரு கரண்டுப் பெட்டி வாங்கி வைக்கிறார்கள். கரண்டு குறைந்தால் அது தன் பாட்டரியில் இருந்து கொடுக்கும். கொடுக்கிறேன் என்று கத்தவும் செய்யும். இந்த வீட்டில் அது எங்கே? கத்தலும் இல்லையே.

மேசைக்கு அடியில் குனிந்தாள். கம்ப்யூட்டர் ஒயர் சுவரோரமாகப் போய் நேசம்மாள் கட்டிலுக்கு அடியில் நுழைந்தது. அங்கே ஒரு பொதி. பழைய கம்பளியில் சுற்றி, சணல் கயிற்றால் கட்டி, உள்ளே தள்ளி வைத்திருந்தது.

ராஜபாய் கையை நீட்டிவிட்டு இழுத்துக்கொண்டாள். அடுத்தவர் வீட்டில் கட்டிலுக்கு அடியில் கட்டி வைத்திருக்கிற பொதியை எப்படித் தொடுவது? செத்துப்போனவர் சேலையோ, பிள்ளை பிறந்தபோது சுற்றிய துணியோ, என்னவாக இருந்தாலும் அது அவர்கள் சங்கதி. பத்மகுமாராக இருந்தால், "பாட்டி, இது என்ன புதையலா?" என்று கேட்டுச் சிரிப்பான். அவள் நாக்கு அசையவில்லை. ஒயரைப் பார்த்தாள். லிஜாவைப் பார்த்தாள், லிஜா போனில் அண்ணனுக்கு என்னவோ அவசரமாகத் தட்டிக்கொண்டிருந்தாள். சகாயசெல்வி பச்சைச் சேலை முந்தியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து அடுக்களைப் பக்கம் நடந்தாள்.

"எம்மா" என்றாள் ராஜபாய். வெளியே பாட்டுச் சத்தத்தில் அது அவளுக்கே கேட்கவில்லை. மயிலாடி உளிச்சத்தத்தில் ஒருநாளும் உயர்த்தாத குரலை உயர்த்தினாள். "எம்மா! கட்டிலுக்கு அடியில பொதிஞ்சு வச்சிருக்கது என்னது?"

நேசம்மாள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "அதா? அது அந்தக் கத்துற பெட்டில்லா மக்கா. கோயிலுக்கு விளக்கு கட்டிப் போட்டுப் பாத்த அன்னைல இருந்து, செவமால சொல்லுகப்போ எல்லாம் கீக்கீன்னு ஒரே கத்து. நான் 'அருள் நிறைந்த மரியே'ன்னு தொடங்குவேன், அது கீக்கின்னும். இவளுக்குத்தான் கேக்காதே. இவ எப்பவும் போல மொழங்கால் போட்டு இருக்கா. எனக்குத் தல வெடிச்சுப்போவும். அதான் கம்பளில பொதிஞ்சு உள்ள தள்ளுனேன். அதுக்குப் பொறவு நல்ல பிள்ளையா கெடக்கு."

லிஜாவின் கையில் இருந்த போன் அப்படியே நின்றது. "யூ.பி.எஸ்ஸயா பொதிஞ்ச?"

"யூவோ பியோ, எனக்கு என்னத்த தெரியும்? எங்கிட்ட ஆராவது கேட்டியளாட்டி? ரெண்டு தடவ பெட்டியத் தூக்கிட்டு ஓடுன. இந்தப் பொதிய ஏன் தூக்கிட்டுப் போவல?"

கோளாறு என்றால் எல்லாரும் பெரிய பெட்டியை மட்டும்தான் கடைக்குக் கொண்டு வருவார்கள்.

ராஜபாய் பொதியை இழுத்து அவிழ்த்தாள். உள்ளே இருந்த பெட்டி அடைகாத்த முட்டை போலச் சுட்டது. ஒரு பக்கம் வீங்கியிருந்தது. அத்தனை நாள் கரண்டு குறையும்போதெல்லாம் தன் பாட்டரியைக் கொடுத்துக் கொடுத்து, காற்றும் இல்லாமல் அது வெந்துபோயிருந்தது. கம்பளி விலகியதும் மெலிந்த குரலில் கீக்கீ என்றது. முகப்பில் சிவப்பு விளக்கு மின்னியது.

அடுக்களை வாசலில் நின்ற சகாயசெல்வி அந்தச் சிவப்பைப் பார்த்தாள். வந்து குனிந்து உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள். ஒவ்வொரு கீச்சுக்கும் அவள் புருவம் அசைந்தது. என்ன இது என்று லிஜாவிடம் கேட்டாள். லிஜா இரண்டு கையாலும் சொல்லத் தொடங்கினாள்: இது கத்துகிறது, எத்தனையோ நாளாகக் கத்துகிறது, அம்மா கட்டி வைத்துவிட்டாள். சகாயசெல்வி கையை எடுக்காமலே மாமியாரைப் பார்த்தாள். கோபமா, சிரிப்பா என்று ராஜபாய்க்குத் தெரியவில்லை. நேசம்மாளுக்குத் தெரிந்தது போலிருக்கிறது. உள்ளித் தோலை முறத்தில் தள்ளிக்கொண்டே, "அது உனக்குச் சொன்ன சங்கதின்னு எனக்குத் தெரியாது பிள்ளே" என்று காது கேளாதவளிடம் சத்தமாகச் சொன்னாள்.

மணி ஏழு ஆகப் போனது. இந்நேரத்தில் புதுப் பாட்டரி கிடைக்காது. கம்ப்யூட்டரை நேராகச் சுவரில் செருகினாலும் அந்தச் சோர்ந்த கரண்டில் ஓடாது. ராஜபாய் சுற்றிப் பார்த்தாள். அடுக்களையில் பிரிட்ஜ் டக், டக் என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை குறைந்த கரண்டிலும்.

"பிரிட்ஜுக்கு ஸ்டெபிலைசர் இருக்கா?"

"இருக்கு அக்கா. அண்ணன் வாங்கிப் போட்டது."

"கொஞ்ச நேரத்துக்கு எடுக்கட்டா?"

"அய்யோ!" என்று நேசம்மாள் எழுந்தே விட்டாள். "நாளைக்குத் திருவிழாச் சாப்பாட்டுக்கு நெய்மீன் வாங்கி வச்சிருக்கேன்! மீன் கெட்டுப்போவும்!"

"அரைமணிக்கூர்ல மீன் எந்திச்சு கடலுக்கு ஓடிராதும்மா" என்றாள் லிஜா.

"நீ பேசாத. நெய்மீன் என்ன வெல தெரியுமா?" என்றாள் நேசம்மாள். ஆனால் பிரிட்ஜின் ஒயரைப் பிடுங்கியது அவள்தான். கதவை யாரும் திறந்துவிடாதபடி அதன் முன்னால் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

ஸ்டெபிலைசரைத் தூக்கி வந்து மேசைக்கு அடியில் வைத்தார்கள். குறைகிற கரண்டை ஏற்றிக் கொடுப்பதுதான் அதன் வேலை. அதில் கம்ப்யூட்டரையும் திரையையும் நெட்டுப் பெட்டியையும் மட்டும் செருகினாள் ராஜபாய். பாட்டுப் பெட்டி, மேசை விளக்கு எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டாள். முடுக்கினாள். ஸ்டெபிலைசர் டக் என்றது. படம் வந்தது. தெருவில் இன்னொரு வளைவு பற்றிக்கொண்டது. டியூப்லைட் அணைந்தே போய்த் திரும்ப எரிந்தது. சகாயசெல்வி குனிந்து ஸ்டெபிலைசர்மேல் கை வைத்துக்கொண்டாள். டக், டக். கம்ப்யூட்டர் அணையவில்லை. கல்யாணப் படம் வந்தது.

ஏழரைக்கு முன்னாலேயே லிஜாவின் அண்ணன் செல்வன் திரையில் வந்துவிட்டான். ஷார்ஜாவில் தன் கட்டடத்தின் கீழ்மாடியில் இருக்கும் குளச்சல்காரர் அறையில் உட்கார்ந்திருந்தான். சவரம் செய்யாத முகம். சகாயசெல்வியைப் பார்த்தும் செல்வனின் கைகள் மடியில் இருந்து எழவில்லை.

சகாயசெல்வியின் கைகள் பாய்ந்தன. கோயில் வளைவுகள், விளக்கு, கம்பளி, கயிறு, முழங்கால் போட்ட மாமியார், வாயைப் பிளந்து கத்துகிற பெட்டி, நெய்மீன் எல்லாம் காற்றில் வந்து வந்து போயின. வீங்கிப்போன யூ.பி.எஸ்ஸைத் தூக்கிக் கேமரா முன்னால் காட்டினாள். அவன் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. தோள் குலுங்கியது. பிறகு அவன் கைகளும் எழுந்தன, அவை வேறு என்னவோ பேசத் தொடங்கின. வேகம் குறைந்து, விரல்கள் மெதுவாக, நெஞ்சுக்குப் பக்கத்திலேயே.

ராஜபாய் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். புருஷன் பெண்டாட்டி ரகசியம் பேசும்போது கேட்காதது போல இருப்பது எல்லாருக்கும் தெரிந்த மரியாதை. இந்த வீட்டில் அதைக் கண்ணால் செய்ய வேண்டும். நாள்காட்டியில் இருந்த தேதித் தாளையே அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பார்க்காமல் இருப்பது அவளுக்குப் பழக்கம் இல்லாத வேலை.

தோளில் ஒரு கை விழுந்தது. சகாயசெல்வி அவளை இழுத்துக்கொண்டு போய்த் திரைக்கு முன்னால் நிறுத்தினாள். ராஜபாய்க்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. செல்வன் கையை நெஞ்சில் வைத்துத் தலை குனிந்தான். பிறகு மனைவியிடம் என்னவோ கேட்டான். அவள் உதட்டில் விரல் வைத்துக் காட்டிச் சிரித்தாள். அவனும் சிரித்துக்கொண்டு ஏதோ சொன்னான்.

"என்ன சொல்லுகாரு?" என்றாள் ராஜபாய்.

லிஜா சொன்னாள்: "'பேசாத ஆளா? அப்ப நம்ம ஆளுதான்'னு சொல்லுகான்."

அடுக்களையில் இருந்து நேசம்மாள் கூப்பிட்டாள்: "ஏட்டி, போதும்னு சொல்லு. அவனுக்காவதான் நான் மீனுக்குக் காவல் இருக்கேன். அவன் வரலேன்னா அதத் தின்ன வேற ஆளு இல்லாமலா போச்சுன்னு சொல்லு!"

லிஜா அதையும் கையால் சொன்னாள். செல்வன் கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் தட்டை நீட்டுவது போலக் கையை நீட்டினான்.

திருவிழா முடிந்த பிறகு சகாயசெல்வி யூ.பி.எஸ்ஸைத் தூக்கிக்கொண்டு தானே கடைக்கு வந்தாள். பத்மகுமார், "வாங்க, என்ன செய்யுது?" என்று தொடங்குவதற்குள் அவனைத் தாண்டித் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பத்மகுமார் புதுப் பாட்டரி வாங்கிப் போட்டான். கத்துகிற சில்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு நீள ஒயரும் அதன் நுனியில் சின்னச் சிவப்பு விளக்கும் வைக்கலாமா என்று ராஜபாய் கேட்டாள். "வைக்கலாமே. எனக்கு இது தோணலியே" என்று அவனே பற்றவைத்துக் கொடுத்தான். விளக்கை எங்கே வைப்பது என்று சகாயசெல்வி யோசிக்கவே இல்லை. அவர்கள் வீட்டில் அது மாதா படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. செபமாலை சொல்லும்போது அவள் கண் அங்கேதான் இருக்கும். அது மின்னினால் நடுவில் எழுந்து ஓடுகிறாள் என்று நேசம்மாளுக்கு இப்போது அது ஒரு குறை.

கடையில் திரைச்சீலை இன்னும் தொங்குகிறது. ராஜபாய் அதன் பின்னால்தான் இருக்கிறாள். ஒருநாள் ஒருவர் பைக்கில் பெட்டியை வைத்துக்கொண்டு வந்து, "இங்க வந்தா ஓடுது, வீட்டுக்குப் போனா ஓடல தம்பி" என்று பத்மகுமாரிடம் புலம்பினார். திரை ஒரு சாண் விலகியது.

"வீட்டுல ஆரெல்லாம் இருக்கிய?"

அவர் திரும்பிப் பார்த்தார். "கம்ப்யூட்டர் கெட்டதுக்கு வீட்டுல ஆரெல்லாம்னு எதுக்கு?"

"சொல்லுங்க."

"நான், வீட்டுக்காரி, மாமியார்..."

"மாமியார்ட்ட கேட்டியளா?" என்றாள் ராஜபாய்.